கல்லாப்பெட்டி கேள்வி–பதில்: முறுக்கு விற்க வலைத்தளம் வேண்டுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெப்சைட் பற்றித்தான். யாரோ ஒரு கோஷ்டி ரங்கூன் முழுக்கக் கதவைத் தட்டி விற்றுக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ரங்கூன் தாமுவேயில் வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் செய்து விற்கிறேன். ஏழு வருடமாகிறது. ஃபேஸ்புக் பக்கத்தில் 11,000 பேர் இருக்கிறார்கள். தெரிந்த பையன் ஒருவன், "அக்கா, சொந்தமா வெப்சைட் இல்லாத வியாபாரம் வியாபாரமே இல்லை. ஒன்பது லட்சம் கியாட் கொடுங்க, பதினைந்து நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்கிறான். வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். போடலாமா? — ஒரு வாசகி, தாமுவே

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு வேண்டாம். வீட்டுக்காரர் என்ன காரணம் சொன்னாரோ, என் காரணத்தைச் சொல்கிறேன்.

போன மாதம் உங்களிடம் காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர், எந்தப் பக்கத்துக்காரர்கள், உங்களைப் பற்றி யார் சொல்லி வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த 11,000 பேரை விடுங்கள். அது திருவிழாக் கூட்டம். தேர் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தேங்காய் உடைப்பதில்லை. மாதாமாதம் வாங்குகிறவர்கள் நூறு, மிஞ்சினால் நூற்றைம்பது பேர் என்பது என் ஊகம். அதில் முக்கால்வாசிப் பேர் ஒருவர் சொல்லி ஒருவர் வந்திருப்பார்கள். நம் ஊரில் முறுக்கு வேண்டுமென்றால் யாரும் கூகிளில் தேடுவதில்லை. போன தீபாவளிக்கு எங்கே வாங்கினாய் என்று நாத்தனாரைக் கேட்கிறார்கள். நாத்தனார் வாயில் உங்கள் பெயர் இருக்கிறது. அதற்கு ஒன்பது லட்சம் தேவையில்லை.

எனக்குக் கவலை வேறு இடத்தில். அந்த நூற்றைம்பது பேரில் எத்தனை பேருடைய போன் நம்பர் உங்கள் கையில் இருக்கிறது? ஃபேஸ்புக்குக்குள்ளே இருக்கிற நம்பரைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் நோட்டில்.

ஏன் கேட்கிறேன் என்றால், என் மதினி பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அண்ணன் மனைவி, பல வருடமாக ஊறுகாய் போடுகிறவர். 2021 பிப்ரவரி 4, வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஆட்சி மாறியதிலிருந்தே ஊர் ஒரு மாதிரி இருந்தது, உங்களுக்குத் தெரியாததா. காலையில் போனைத் திறந்தால் ஃபேஸ்புக்கில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போன்தான் கெட்டுவிட்டதென்று அணைத்து, துடைத்து, மறுபடி போட்டார். அதே வட்டம். ஃபேஸ்புக்கை மூடும்படி போன் கம்பெனிகளுக்கு உத்தரவு போயிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. ஊறுகாய்க் கதைக்கு வருகிறேன்.

அடுப்படித் திண்ணையில் முப்பத்தெட்டு பாட்டில். கழுவி, வெயிலில் வைத்து, நிரப்பி, மேலே நல்லெண்ணெய் ஊற்றி, மூடிக்கு மேல் வெள்ளைத் துணி கட்டி வரிசையாக நிற்கின்றன. எது யாருக்கு என்பது மெசஞ்சரில். யார் பணம் கட்டிவிட்டார்கள், யார் கட்டவில்லை என்பதும் மெசஞ்சரில். காரம் குறைவாகக் கேட்டது எந்த வீடு, எந்த மாடி, எல்லாம் அதற்குள்ளேயே. மதினி கையில் மிஞ்சியது பாட்டில்தான். என்னிடம் போனை நீட்டி, "தம்பி, எப்படியாவது இதைத் திறந்து குடு" என்றார். நான் என்ன பூட்டுக்காரனா?

அன்றைக்கு உடனே பிடிக்க முடிந்தது ஒன்பது பேரைத்தான். அந்த ஒன்பது நம்பரும் எங்கள் அச்சகம் போட்ட காலண்டரின் ஓரத்தில் பென்சிலில் கிறுக்கியிருந்தவை. அரிசி மூட்டைக் கணக்குக்கும் பால்காரன் கணக்குக்கும் நடுவே. மீதி ஆட்களைத் தேடிப் பிடிப்பதற்குள், பாட்டில்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டன. பணம் கட்டியிருந்தவர்கள் பிற்பாடு கூப்பிட்டுக் கேட்டபோது மதினிக்கு வந்த கூச்சம், அதை நஷ்டக் கணக்கில் எப்படி எழுதுவது?

சில நாளில், தடையைச் சுற்றிப் போக உதவும் வி.பி.என் எல்லார் வாயிலும் வந்துவிட்டது. பிள்ளைகள் போட்டுக் கொடுத்தார்கள், ஃபேஸ்புக் மறுபடி ஓடியது. மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவே நின்றது. 2024 மே கடைசியில் வி.பி.என்களின் மீதும் கை வைத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் நம் ஊர்க் கூட்டம் ஃபேஸ்புக்கில்தான் இருக்கிறது. அதனால் உங்கள் பக்கத்தை மூடச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மதினிக்குச் சொந்த வெப்சைட் இருந்திருந்தால், அந்த பிப்ரவரி வியாழக்கிழமை அது திறந்திருக்கும், ஏனென்றால் அதை யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனால் மார்ச்சில் அதைப் பார்க்க வாங்குகிறவர் போனில் நெட் இருந்திருக்காது. இரண்டு மாதத்திலும் அடித்தது போன் மணிதான்.

ஆகவே முதல் செலவு ஒரு நோட்டு. நீளவாக்கில் கோடு போட்டது. பெயர், போன், என்ன வாங்கினார். காரம், உப்பு, பூண்டு கூடாது போன்ற விஷயங்கள் ஓரத்தில். வாரம் ஒருமுறை மகளையோ மகனையோ விட்டுப் போனிலும் ஏற்றிவையுங்கள். வைபரில் இருப்பவர்களுக்கு வைபரில் ஒரு குழு. ஆடி வெள்ளிக்கு, தீபாவளிக்கு, பொங்கலுக்கு நீங்களாகவே சேதி அனுப்பலாம். ஃபேஸ்புக்கில் நீங்கள் போடுவதை 11,000 பேருக்கும் அது காட்டுவதில்லை. கொஞ்சம் பேருக்குக் காட்டிவிட்டு, மீதிப் பேருக்குக் காட்டக் காசு கேட்கும். வைபரில் போட்டால் நூற்றைம்பது பேருக்கும் போய்ச் சேரும்.

அடுத்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். அச்சுக்காரன், கார்டு அடிக்கத் தூண்டில் போடுகிறான் என்று நினைக்காதீர்கள், ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று போதும். டவுனில் நாலாம் மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து கயிறு தொங்குகிறதே, நுனியில் கிளிப் மாட்டி. பேப்பர்காரன் பேப்பரைச் செருகுவான், முறுக்குப் பையையும் அதில்தான் மாட்டுவார்கள். மேலே இழுத்தெடுப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. பையின் மேல் இருக்கும் நம்பரைத்தான் பார்க்கிறார்.

கூகிள் மேப்பில் கடையாகப் பதிந்துகொள்ளுங்கள், காசு கிடையாது. வீட்டிலிருந்து செய்கிறவர்கள் விலாசத்தை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்குக் கொடுப்பீர்கள் என்பதை மட்டும் காட்ட வசதி இருக்கிறது. நீங்கள் மறைத்தே வையுங்கள். எந்த நேரமும் ஆள் வந்து மணியடித்தால் அதிரசப் பாகு பதம் தப்பும்.

கடைசியாக, அந்தப் பையன் சொன்னதில் ஒரு துண்டு மட்டும் எனக்குச் சம்மதம். பெயர். உங்கள் முறுக்குக்கு ஒரு பெயர் இருக்குமே, அந்தப் பெயரில் டாட் காம் ஒன்றை இப்போதே வாங்கிப் போடுங்கள். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டாலர் அளவில் முடியும். வெப்சைட் கட்ட வேண்டியதில்லை. அந்த முகவரியைத் தட்டினால் உங்கள் ஃபேஸ்புக் பக்கம் திறக்கிற மாதிரி திருப்பிவிடலாம். ஐந்து நிமிட வேலை. லேபிளில் அந்த முகவரியை அடியுங்கள். நாளைக்குக் கடை டிக்டாக்குக்குப் போனாலும், டெலிகிராமுக்குப் போனாலும், சொந்தத் தளத்துக்கே போனாலும் லேபிள் மாறாது, திருப்புகிற திசைதான் மாறும்.

முழு வெப்சைட் எப்போது என்றால், மோல்மேனிலிருந்தும் மாந்தலேயிலிருந்தும் முன்பின் தெரியாத ஆட்கள் மொத்தமாகக் கேட்க ஆரம்பிக்கும்போது. அப்போதும் எண்ணெய் விலை ஏறுகிற ஒவ்வொரு தடவையும் யார் அதில் விலையைத் திருத்துவார்கள் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். போன வருடத்து விலை தொங்குகிற வெப்சைட்டால் சண்டைதான் வரும்.

கேள்வி: அண்ணே, பாயின்னாவுங் சந்தையில் பத்து வருடம் புரோக்கராக இருந்து, இப்போது சொந்தப் பெயரில் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்கிறேன். சென்னை, தூத்துக்குடிப் பார்ட்டிகள் எல்லாம் பழக்கம், வாட்ஸ்அப்பிலேயே முடியும். போன மாதம் மும்பையிலிருந்து ஒரு புதுப் பார்ட்டி விலை கேட்டார், மாதிரி கேட்டார், கடைசியில் "உங்கள் வெப்சைட் அனுப்புங்கள்" என்றார். இல்லை என்றேன். அதோடு ஆள் பேச்சு மூச்சில்லை. அதனால்தானா? — ஒரு பயறு வியாபாரி, ரங்கூன்

பதில்: தம்பி, அதனாலும்தான். உங்களுக்கு வேண்டும். தாமுவே தங்கச்சிக்கு வேண்டாம் என்ற அதே வாயால்தான் சொல்கிறேன்.

மும்பைக்காரர் நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். இருபதடி கன்டெய்னர் ஒன்றுக்கு ஏறக்குறைய 24 டன் உளுந்து. அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்காத ஆளை நம்பி அனுப்ப வேண்டும். உங்கள் கம்பெனிப் பெயரை கூகிளில் போடுகிறார். ஒன்றுமே வரவில்லை. சென்னைக்காரருக்கு உங்கள் மாமாவைத் தெரியும். மும்பைக்காரருக்கு யாரைத் தெரியும்?

இதில் காலமும் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு நம் மண்ணிலிருந்து போவது. 2021இல் இரண்டு அரசுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை, ஐந்து வருடத்துக்கு என்று எழுதினார்கள், அதுவும் தனியார் வியாபாரிகள் வழியாகவே. ஆகவே அங்கே புதிதாக வாங்க வருகிறவர்கள் இருக்கிறார்கள். புதிய ஆள் எப்போதும் தேடித்தான் வருவார்.

ஒரே ஒரு பக்கம் போதும். சுற்றுகிற உலக உருண்டை, கோட் போட்ட வெள்ளைக்காரர்கள் இருவர் கை குலுக்குகிற படம், அதெல்லாம் வேண்டவே வேண்டாம். மோசடிக்காரன் போடுகிற படங்கள் அவை, வாங்குகிறவருக்கும் அது தெரியும். உங்கள் கிட்டங்கியைப் படம் எடுங்கள். சாக்கு அடுக்கு, சாக்கின் மேல் உங்கள் மார்க்கா, தராசு, உள்ளங்கையில் அள்ளிய உளுந்து. பருப்பின் முகத்தைப் பார்த்தே பாதி முடிவு செய்கிறவர்கள் அவர்கள். போனில் எடுத்த படம் நாலு எம்.பி. இருக்கும், அப்படியே ஏற்றாதீர்கள், சுருக்கி இருநூறு கே.பி.க்குள் கொண்டுவந்தால் பக்கம் சட்டென்று திறக்கும்.

சரக்கின் பெயரை வியாபாரத்தில் சொல்கிறபடியே எழுதுங்கள். சராசரித் தரம் என்றால் உளுந்து எஃப்.ஏ.க்யூ., உயர்ந்த தரம் என்றால் எஸ்.க்யூ., பிறகு லெமன் துவரை, பாசிப்பயறு. எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவது, எத்தனை கிலோ சாக்கு. ஆங்கிலம்தான் முதலில், கீழே நாலு வரி தமிழிலும் இருக்கட்டும். விருதுநகர்க்காரர்கள் கண்ணில் பட்டால் ஒரு நெருக்கம் வரும்.

மிக முக்கியம், கம்பெனியின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் போடுவது. 2018இலிருந்து கம்பெனிப் பதிவேடு மைகோ என்ற பெயரில் ஆன்லைனில் இருக்கிறதல்லவா, மும்பையில் உட்கார்ந்தே அவர் அதில் உங்கள் கம்பெனியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சரிபார்த்துக்கொள் என்று எண்ணை நாமே நீட்டுவதில்தான் பாதி நம்பிக்கை வருகிறது.

மெயிலும் வெப்சைட்டின் பெயரிலேயே வேண்டும். ஜிமெயிலில் இன்வாய்ஸ் அனுப்புகிறவர்கள் அநேகம். அதில் ஒரு ஆபத்து. உங்கள் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி எவனாவது ஜிமெயில் திறந்து, "பேங்க் கணக்கு மாறிவிட்டது, இதில் கட்டுங்கள்" என்று அனுப்பினால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சொந்த முகவரியிலும் இந்தத் திருட்டு நடக்கிறது, அங்கேயும் ஒரு எழுத்தை மாற்றிப் போலி டொமைன், அதாவது போலித் தளப் பெயர், வாங்குகிறார்கள். கொஞ்சம் கடினம், அவ்வளவுதான். அதனால் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள்: "எங்கள் பேங்க் கணக்கு மாறினால் மெயிலில் சொல்ல மாட்டோம், போனில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம்." இதைப் படிக்கிற எந்த வியாபாரியும் உங்களை விவரமான ஆள் என்றுதான் நினைப்பார்.

விலையை மட்டும் போடாதீர்கள். காலை விலை மாலைக்குக் கிடையாது, அதற்கு வாட்ஸ்அப் இருக்கிறது.

கேள்வி: மோல்மேனில் லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன் மகனின் சிநேகிதன் வெப்சைட் போட்டுக் கொடுத்தான். இப்போது வெளிநாடு போய்விட்டான், போன் எடுப்பதில்லை. போன வாரத்திலிருந்து தளம் திறக்கவில்லை. என்ன செய்வது? — ஒரு வாசகர், மோல்மேன்

பதில்: இன்றைக்கே வேலையைப் பாருங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். அநேகமாக டொமைன் கெடு முடிந்திருக்கும். டாட் காம் என்றால் கெடு முடிந்த உடனே பறிபோகாது. பதிந்துகொடுத்த கம்பெனி சில நாள், சில வாரம் பொறுக்கும்; சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கலாம். அதையும் தாண்டினால் முப்பது நாள் மீட்புக் காலம் என்று ஒன்று உண்டு, அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் முடிந்து ஐந்து நாளில் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'ஹூ இஸ்' என்று தேடினால் டொமைன்களின் விவரம் காட்டும் தளங்கள் வரும். உங்கள் பெயரைப் போட்டால் எந்தக் கம்பெனியில் பதிந்தது, கெடு எப்போது என்று தெரியும். அந்தக் கம்பெனிக்கு எழுதுங்கள். கணக்கு அந்தப் பையனின் மெயிலில்தான் இருக்கும். எனவே பையனின் அப்பா அம்மாவையும் ஒரு தரம் போய்ப் பாருங்கள். மோல்மேன் சின்ன ஊர்தானே.

இவ்வளவு விவரமாகத் தெரிவதற்குக் காரணம், நானே அடிபட்டவன். 2012இல் அச்சகத்துக்கு வெப்சைட் போட்டேன். அப்போது சிம் கார்டு வாங்கவே சொத்தை விற்க வேண்டும். 2014இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் விற்ற பிறகுதான் எல்லார் கையிலும் போன். அந்தக் காலத்தில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து என் பெயரை நானே பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தவன். செய்து கொடுத்த பையன் அவன் மெயிலில், அவன் பெயரில் பதிந்தான். நான் கேட்கவுமில்லை. விசிட்டிங் கார்டு இரண்டாயிரம் என் மெஷினிலேயே அடித்துக்கொண்டேன், வருட காலண்டரிலும் கொட்டை எழுத்தில் முகவரி.

பையன் வேலை கிடைத்து வெளியூர் போனான். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் அவனுக்குப் போயிருக்கிறது. ஒரு நாள் காலை கோவில் நிர்வாகத்திலிருந்து பெரியவர் ஒருவர் போன் செய்தார். ஆடித் திருவிழா நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கத்தான் என் வெப்சைட்டைத் திறந்திருக்கிறார். "என்னப்பா இது, உன் பேரைத் தட்டினா சீட்டுக்கட்டும் பொம்பளைப் படமும் வருது?" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சூதாட்ட விளம்பரம். என் அப்பா வைத்த பெயர், மேலே. கீழே ரூலெட் சக்கரம் சுற்றுகிறது. அந்தக் காலண்டர் அப்போது முன்னூறு வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. சாமி படம் போட்ட காலண்டர் வேறு.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் மறந்துதான் போனான். டொமைன் என் மெயிலில், என் போன் நம்பரில் இருந்திருக்க வேண்டும். கடை வாடகைச் சீட்டை வெள்ளையடிக்க வந்தவன் பெயரிலா எழுதுவோம்? மீட்டால் உடனே உங்கள் பெயருக்கு மாற்றி, ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டு இல்லையென்றால் உள்ளூரில் டொமைன் விற்பவர்களிடம் கியாட்டிலேயே கட்டலாம். ஆனால் பதிவில் யார் பெயர் ஏறுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

கேள்வி: டவுனில் தோசை, பரோட்டா, சோறு ஹோட்டல். வெப்சைட் இருக்கிறது. மெனு முழுவதும் அழகாகப் போட்டிருக்கிறோம். ஆனால் கூகிளில் தேடினால் வருவதே இல்லை. ஏன்? — ஓட்டல்காரர், ரங்கூன்

பதில்: உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். மெனு அழகுதான், ஆனால் முழுவதும் ஒரே படம். கூகிள் படத்தைப் படம் என்றுதான் முக்கியமாக எடுத்துக்கொள்ளும். அதற்குள் இருக்கும் மசால் தோசையை நம்பி உங்களை முன்னால் காட்டாது. எழுத்தை எழுத்தாகவே டைப் அடிக்க வேண்டும்.

பக்கத்தின் அடியில் பர்மிய மொழியில் இருக்கும் விலாசமோ என் போனில் கோணல்மாணலாகத் தெரிந்தது. அது ஸாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்தது. நம் நாட்டில் நெடுநாள் எல்லாரும் ஸாஜியில் அடித்தோம். உலகமோ யூனிகோட் என்ற பொது எழுத்து முறையில் இருந்தது. இரண்டும் ஒரே எண்களை வெவ்வேறு எழுத்துக்கு வைத்திருப்பதால், ஒன்றில் அடித்ததை மற்றதில் திறந்தால் கால் தனியாக, கை தனியாக வரும். தேடுகிறவர் யூனிகோடில் தட்டினால் ஸாஜியில் இருப்பது கிடைக்காது. 2019 அக்டோபர் 1ஆம் தேதி நாடு முழுக்க யூனிகோடுக்கு மாறும் நாள் என்று அறிவித்தார்கள், உங்கள் தளம் அதற்கு முந்தியது போலிருக்கிறது. தமிழிலும் நாங்கள் அச்சகத்தில் பட்ட அவஸ்தைதான் இது. பழைய எழுத்துருவில் கோத்த கல்யாணப் பத்திரிகையை அப்படியே நெட்டில் ஒட்டினால், மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆங்கில எழுத்தும் கமாவும் நிற்கும்.

திரும்ப அடிக்கச் சொல்லுங்கள், அரை நாள் வேலை. விலாசத்தில் தெரு எண்ணோடு மேல் பிளாக்கா, நடு பிளாக்கா, கீழ் பிளாக்கா என்பதையும் சேருங்கள். அது இல்லாமல் டவுனில் ஒரே தெருவை முக்கால் மணி நேரம் அளந்தவன் நான். போய்ச் சேர்ந்தபோது தோசைக்கல்லை அணைத்துவிட்டார்கள்.

கேள்வி: அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வெற்றிலை பாக்குக் கடை. எழுபத்தாறு வயதாகிறது எனக்கு. "கடைக்கு வெப்சைட் இல்லேன்னா கேவலம் தாத்தா" என்று பேரன் தினமும் சொல்கிறான். கேவலமா? — ஒரு பெரியவர், கமாயுட்

பதில்: பெரியவரே, வெற்றிலை போட வருகிறவர் கடைக்கு முன்னால் நின்று கையை நீட்டுகிறார். சுண்ணாம்பு எவ்வளவு என்று அவர் சொல்வதுகூட இல்லை, முகத்தைப் பார்த்தே தடவிவிடுகிறீர்கள். இதற்கு நடுவே வெப்சைட்டை எங்கே வைப்பது?

பேரனைக் கோபிக்காதீர்கள். ஆசையாகத்தான் சொல்கிறான். மேப்பில் கடையைக் குறிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். நீங்கள் கடையில் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று எடுத்துப் போடட்டும். எடுக்கும்போது உங்கள் தலைக்கு மேல் தொங்குகிற காலண்டரை மறைக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். அது எங்கள் அச்சகம் போட்டது. வெப்சைட் முகவரி இல்லாத காலண்டர்.